பின்கதவை ராஃபியா கயித்துல கட்டிட்டு அன்னதானம் ஏத்தாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. காடி வெச்சிருக்கிற தொண்டூழியர்கள் முழுசா படிச்சிடுங்க.

நம்ம கோயில் மண்டபத்துக்குப் பின்னால சாமான் இறக்குற இடத்துல எந்தத் திருவிழாவுக்கு நின்னு பார்த்தாலும், ஒண்ணு ரெண்டு காடியாவது பின்கதவு கயித்துல கட்டித்தான் வரும். கேட்டா, "லோக் விழ மாட்டேங்குது அண்ணே, திருவிழா முடியட்டும் பார்த்துக்கலாம்"னு பதில். தைப்பூசம் முடிஞ்சா மாசி மகம், அது முடிஞ்சா பங்குனி உத்திரம், அப்புறம் சித்ரா பௌர்ணமி. நமக்குத் திருவிழா எப்போ முடிஞ்சிருக்கு?

போன வருஷம் இப்படிக் கட்டிட்டு வந்த ஒரு காடி, வேகத்தடையில ஏறி இறங்கினப்போ முடிச்சு அவிழ்ந்து, பாயசக் குண்டான் அப்படியே நடுரோட்டுல சரிஞ்சிடுச்சு. பின்னால மோட்டார்ல வந்த மலாய்க்காரத் தம்பி ஒருத்தர் பிரேக் போட்டு, வழுக்கி, எப்படியோ கால ஊனி நின்னுட்டார். "சாமி காப்பாத்திட்டார்"னு எல்லாரும் சொன்னாங்க. காப்பாத்தினார்தான், நானும் மறுக்கல. ஆனா கதவு சரியா மூடலன்னு அந்த காடி டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு ரெண்டு வாரமா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சே, அதையும் அவர் காட்டினதா எடுத்துக்கலாம் இல்லையா? கொதிக்கிற சாம்பாரா இருந்திருந்தா, எண்ணெய்ச் சட்டியா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. நம்ம புண்ணியத்துக்கு யாரோ வீட்டுப் பிள்ளை ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. பின்கதவு பாதி திறந்த மாதிரி ஓடுற காடிக்குப் பின்னால காத்தழுத்தம் குறையும். புகைக்குழாய்ல இருந்து வர்ற புகை சுருண்டு உள்ளேயே வந்துடும். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. முதல்ல தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். நம்ம ஆளுங்க பாதிப் பேர் விரதத்துல இருப்பாங்க, "பட்டினி மயக்கம், கோயிலுக்குப் போயி தண்ணி குடிச்சா சரியாயிடும்"னு நெனச்சுக்குவாங்க. அங்கதான் பயமே. வேற வழியே இல்லாம அப்படி ஓட்டித்தான் ஆகணும்னா எல்லாக் கண்ணாடியையும் இறக்குங்க, ஏர்கோனை வெளிக்காத்து உள்ள வர்ற மாதிரி திருப்பி வைங்க, நேரா பட்டறைக்குப் போங்க. பூக்கூடையோட பிள்ளைங்களைப் பின்னால உக்கார வெச்சு மட்டும் கொண்டு வராதீங்க.

சரி, ஏன் மூட மாட்டேங்குது? பெரும்பாலும் சின்ன விஷயம்தான். பின்கதவு அடியில நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு கொக்கி இருக்கும். கீழே பம்பர் பக்கம் உடம்புல ஒரு இரும்பு வளையம் இருக்கும். கதவை இறக்கும்போது கொக்கி வளையத்தைக் கவ்வணும். அவ்வளவுதான் வேலை. நம்ம காடியில நாம ஏத்துறது என்ன? அரிசி மூட்டை, தேங்காய், வாழை இலை, மாலை, பால், விபூதி. தேங்காய் நாரும் அரிசிக் குருணையும் பூவிதழும் அந்தக் கொக்கிக்குள்ளயும் வளையத்துக் குழியிலயும் போய் அடையும். சிந்தின பால் காஞ்சு கோந்து மாதிரி பிடிச்சுக்கும். டார்ச் லைட் அடிச்சுப் பாருங்க, பாதிக் கேஸ் அங்கேயே முடிஞ்சிடும். தரை விரிப்பு மடிஞ்சு இடிக்குதான்னும், ஓரத்து ரப்பர் கழண்டு நடுவுல மாட்டுதான்னும் பார்த்துடுங்க.

அடுத்து, கதவு மேல திறந்து நிக்கும்போதே கொக்கி மூடின நிலையில இருந்தா வளையம் உள்ளயே போகாது, கதவு எகிறிக்கிட்டு வரும். குண்டான் விளிம்பு தட்டினாலே கொக்கி இப்படி விழுந்துடும். திறக்கிற பிடியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரால கொக்கியை மெதுவா திருப்பினா விடும். பிறகு சோதனைக்கு, கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரைக் கொக்கிக்குள்ள அழுத்துங்க. 'டக் டக்'னு ரெண்டு தடவை சத்தம் வரணும். முதல் டக் பாதிப் பிடி, ரெண்டாவதுதான் முழுப் பிடி. பிடியை இழுத்தா விடணும். மறக்காம விடுவிச்சுட்டுத்தான் கதவை இறக்கணும்.

இந்தச் சோதனையில கொக்கி ஒழுங்கா வேலை செய்யுதுன்னா கோளாறு கீழே வளையத்துல. வளையத்து மேல கொஞ்சம் குங்குமத்தைக் குழைச்சுத் தடவி கதவை மெல்ல இறக்கிப் பாருங்க, எங்க இடிக்குதுன்னு தடம் காட்டிக் கொடுக்கும். வளையம் இருக்கிற இடத்தைச் சுத்தி மார்க்கர்ல கோடு போட்டுட்டு, போல்ட்டை லேசா தளர்த்தி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் நகர்த்தி முறுக்கினா போதும். கொக்கியே பிடிக்கலன்னா சுத்தம் பண்ணி, டபிள்யூடி-40 அடிச்சு அழுக்கைக் கழுவி, துடைச்சிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் வைங்க. வெறும் டபிள்யூடி-40 ரொம்ப நாள் நிக்காது. அதுக்கும் மசியலன்னா ஸ்பிரிங் உடைஞ்சிருக்கலாம், திறக்கிற கேபிளோ மோட்டாரோ சிக்கியிருக்கலாம், பின்னால இடி வாங்கி உடம்பு வளைஞ்சிருக்கலாம். அது போர்மேன் வேலை. தயவுசெஞ்சு ஓங்கி ஓங்கி அடிச்சு மூடாதீங்க. கண்ணாடிக்கும் கேடு, கொக்கிக்கும் கேடு.

இப்போ நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. கோவிச்சுக்காதீங்க. கோயில் வேலைக்கு ஓடுற சொந்தக் காடி கெட்டுப்போனா, "அது உங்க காடி, நீங்கதான் பார்த்துக்கணும்"னு சொல்றது எனக்குச் சரியாப் படல. அந்தப் பையன் சம்பளத்துல காடித் தவணை கட்டி, பெட்ரோலும் தன் காசுல போட்டுத்தான் அரிசி மூட்டை தூக்குறான். பட்டறைக்குப் போகக் காசு இல்லாமத்தான் நிறைய பேர் கயிறு கட்டுறாங்க, சோம்பேறித்தனத்துல இல்ல. மேடை அலங்காரத்துக்கு ஒதுக்குறதுல கொஞ்சம் எடுத்து, சாமான் ஏத்துற காடிங்க ரிப்பேருக்குன்னு வைங்க. ரசீது காட்டினா பணம். கணக்கை அறிவிப்புப் பலகையில ஒட்டுங்க. தப்புப் பண்ணுவாங்கன்னு ஒரு அண்ணன் கூட்டத்துல சொன்னார். மூட்டை தூக்குற ஆளை நம்பி ஐயாயிரம் வெள்ளி மளிகைச் சாமானை அனுப்புறோம், கொக்கி மாத்தின ரசீதை நம்ப மாட்டோமா?

ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் வெச்சு டயரை ஏத்துறோம், பொட்டு வைக்கிறோம், மாலை போடுறோம். நல்லது. அப்படியே பின்பக்கம் வந்து கதவை ஒருதரம் திறந்து மூடியும் பார்க்கலாம்.

இன்னொண்ணு, கதவு முழுசா மூடலன்னா உள்விளக்கு அணையாம ராத்திரி பூரா எரிஞ்சு பேட்டரி காலியாகும். அதிகாலை அபிஷேகத்துக்குப் பால் எடுக்கப் போறவருக்கு அப்போ காடி ஸ்டார்ட் ஆகாது.

இந்தச் சனிக்கிழமை காலை பூசை முடிஞ்சதும் நான் மண்டபத்துப் பின்னாலதான் இருப்பேன். ஸ்க்ரூ டிரைவர், ஸ்பானர், கிரீஸ் எல்லாம் என்கிட்ட இருக்கு. பழைய துணி இருந்தா கொண்டு வாங்க. பின்னால இருக்கிற சாமானை எல்லாம் வீட்டுலயே இறக்கி வெச்சுட்டு வாங்க, குண்டானை நான் தூக்க மாட்டேன், முதுகு வலி.