ஏமாறாதவரின் கடமை

இணைய ஏலத்தில் ஒரு பழைய நாணயத்துக்கோ கைக்கடிகாரத்துக்கோ தம்மால் இயன்ற மட்டும் கேட்டுப் பார்த்து, கடைசி நிமிஷத்தில் வேறொருவர் சற்றே உயர்த்திக் கேட்டுவிட்டமையால் அதைப் பறிகொடுத்த மனிதருக்கு, மறுநாள் ஒரு மின்னஞ்சல் வருகிறது. ஏலம் எடுத்தவர் பணம் கட்டாமல் பின்வாங்கிவிட்டார், அவருக்கு அடுத்தபடியாகக் கேட்டவர் நீங்களே, நீங்கள் கேட்ட விலைக்கே பொருளைத் தரச் சித்தமாயிருக்கிறோம், இன்று மாலைக்குள் கீழ்க்கண்ட இணைப்பில் நுழைந்து சம்மதம் தெரிவியுங்கள் என்று அது மிக மரியாதையாகச் சொல்கிறது. ஈபே தளத்தில் இப்படி இரண்டாம் வாய்ப்பு அளிக்கும் ஏற்பாடு உண்மையாகவே இருப்பதால், கடிதத்தைக் கண்டவர் மனத்தில் சந்தேகம் எழுவதற்கு முன்பே சந்தோஷம் எழுந்துவிடுகிறது. இணைப்பைத் தொட்டதும் திறக்கும் பக்கம் நிறத்திலும் எழுத்திலும் முத்திரையிலும் அசல் தளமாகவே காட்சியளிக்கிறது. அவர் தமது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதுகிறார். அந்தக் கணத்திலேயே இரண்டும் ஒரு திருடன் கைக்குப் போய்விடுகின்றன. ஃபிஷிங் என்று உலகம் முழுவதும் வழங்கும் மோசடி இதுதான்.

இவ்வாறு மோசம் போனவர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், பேராசையால் வந்த நஷ்டம் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இந்த மனிதர் விஷயத்தில் அது முற்றிலும் அநியாயமான தீர்ப்பு. அவர் ஒன்றுக்குப் பத்தாக வேண்டுமென்று ஆசைப்பட்டவர் அல்லர். தாம் விரும்பிய பொருளுக்குத் தாமே யோசித்துக் கேட்ட விலையை நேர்மையாகக் கொடுக்க முன்வந்தவர். சரி, அறியாமையையாவது அவர்மீது குற்றமாகச் சாட்டலாமா என்றால், அதற்கும் இடமில்லை. 2006-ஆம் ஆண்டில் ஹார்வர்டு, பெர்க்லி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மூவர், 22 பேரை அழைத்துச் சில வலைத்தளங்களைக் காட்டி, இவற்றில் அசல் எது, போலி எது என்று பிரித்துச் சொல்லும்படி கேட்டார்கள். போலிகள் கலந்திருக்கின்றன என்று முன்கூட்டியே அறிந்திருந்தும், ஒரு வங்கியின் ஆங்கிலப் பெயரில் டபிள்யூ எழுத்து வரவேண்டிய இடத்தில் இரண்டு வி எழுத்துக்களை நெருக்கி வைத்து ஜோடித்திருந்த தளத்தைப் பங்கேற்றவர்களில் 90 சதவிகிதத்தினர் அசல் என்றே நம்பினார்கள். படிப்போ வயதோ கணினியில் பழகிய காலமோ இதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை என்றும் அந்த ஆய்வு கண்டது. எனவே, ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறவர், தமக்கு அந்தக் கடிதம் இன்னும் வரவில்லை என்பதையே தமது புத்திசாலித்தனமாகக் கருதிக்கொள்கிறார்.

ஏலத் தளத்தின் கடவுச்சொல்லைத் திருடி என்ன செய்வான் என்று கேட்கலாம். கடன் அட்டை எண்ணைக் காட்டிலும் விலையுயர்ந்த ஒன்று அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. பியர் ஒமிடியார் என்பவர் 1995 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோஸே நகரில், ஆக்ஷன்வெப் என்ற பெயரில், பின்னாளில் ஈபே ஆன அந்தத் தளத்தைத் தொடங்கியபோது, முகமறியாத ஒருவருக்கு முகமறியாத மற்றொருவர் எந்த நம்பிக்கையின் பேரில் பணம் அனுப்புவார் என்ற கேள்வியே முதற்பெரும் கேள்வியாக எழுந்தது. வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி மற்றவர் தமது அபிப்பிராயத்தை எல்லோரும் காணும்படி எழுதிவைக்கும் முறையை அவர் 1996-இல் ஏற்படுத்தினார். பல ஆண்டுகள் சொன்ன பொருளைச் சொன்னபடி அனுப்பி, நூற்றுக்கணக்கான முன்பின் அறியாதவர்களிடம் சிறுகச் சிறுகச் சம்பாதித்த நற்பெயர் அந்தக் கணக்கில் திரண்டு நிற்கிறது. திருடன் அபகரிப்பது அதைத்தான். அந்தப் பெயரின் நிழலில் அவன் இல்லாத மோட்டார் வாகனத்தை ஏலத்துக்கு விடுகிறான். விற்பவரின் பழைய சரித்திரத்தைப் பார்த்துத் திருப்தியடைந்த அயலூர்க்காரர் பணம் அனுப்புகிறார். ருமேனியாவில் கார்பேத்திய மலையடிவாரத்திலுள்ள ரம்னிக்கு வல்ச்சா என்ற ஊர், இல்லாத சரக்கை இணைய ஏலத்தில் விற்ற கூட்டங்களாலேயே தேசாந்தரங்களில் பெயர் கெட்டது; வாங்குபவரின் பணத்தைப் பொருள் வந்து சேரும்வரை இடையில் நின்று காப்பதாகச் சொல்லும் எஸ்குரோ நிறுவனங்களைப் போலவே அவர்கள் பொய்த் தளங்களையும் நிர்மாணித்தார்கள்.

இந்த நற்பெயரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற கவலையே நேர்மையான வியாபாரிக்கு எதிரான ஆயுதமாகவும் ஆகிறது. பணம் அனுப்பிப் பத்து நாளாகிறது, பொருள் வரவில்லை, புகார் செய்யப்போகிறேன் என்று கோபத்தோடு ஒருவர் கேட்பதுபோல் விற்பவருக்குக் கடிதம் வரும். அடியில் பதில் சொல்வதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். பெயருக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற பதற்றத்தில் அவர் அதை உடனே அழுத்துகிறார். சிரத்தையற்ற வியாபாரி அழுத்தமாட்டான் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

கள்ளக் கடிதத்தைக் கண்டுபிடிக்கப் பெரியவர்கள் சொல்லிவந்த இலட்சணங்களில் பாதி இப்போது பயன்படுவதில்லை. அசல் கடிதமானால் உங்கள் பெயரைச் சொல்லி அழைக்கும், போலி பொதுவாக வாடிக்கையாளரே என்று அழைக்கும் என்றார்கள். 2014-இல் ஈபே நிறுவனத்தின் சேமிப்பிலிருந்தே பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் களவுபோய், ஏறக்குறைய 14.5 கோடிப் பேர் கடவுச்சொல்லை மாற்றும்படி ஆயிற்று. பிழை மலிந்த நடை என்பது மற்றோர் அடையாளமாக இருந்தது. இப்பொழுது இயந்திரமே பிழையின்றி எழுதிக் கொடுக்கிறது. முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் பயமில்லை என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். நீங்கள் அனுப்புவதை வழியில் ஒருவரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி, போய்ச் சேரும் இடத்தில் இருப்பவன் யோக்கியன் என்பதற்கு அன்று. ஜனங்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதைக் கண்டே கூகிள் நிறுவனம் 2023-இல் தனது குரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. முகவரியைப் படிக்கிறவர்கள்கூட இடப்புறத்து முதற்சொல்லைக் கண்டு திருப்தியடைந்துவிடுகிறார்கள். ஈபே டாட் காம் என்று தொடங்கி, புள்ளி வைத்து, வேறொரு பெயரோடு டாட் நெட் என்று முடிந்தால், அந்த வேறொரு பெயருக்குரியவனே தளத்தின் சொந்தக்காரன். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் கடைசியாக நிற்பது எதுவோ, அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் கண்ணையே நம்பும் இந்தப் பரீட்சைகளைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. கடிதத்திலுள்ள இணைப்பைத் தொடாமல், உலாவியில் தளத்தின் முகவரியைத் தாமே எழுதி உள்ளே சென்று, அங்குள்ள செய்திப் பெட்டியைத் திறந்து பார்ப்பதே அது. கணக்கைப் பற்றி ஈபே அனுப்பும் முக்கியமான செய்தி எதுவும் அந்தப் பெட்டியிலும் இருக்கும். அங்கே இல்லாத கடிதம் அவர்களுடையது அன்று.

இதுவரை சொன்னதை அறிந்தவர்கள் இந்நாட்டில் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள்? கள்ளக் கடிதம் என்று கண்டதும் அழித்துவிட்டுத் தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நான் வருந்துவது இதற்காகத்தான். தெருவில் பாம்பைக் கண்டவர் தாம் விலகி நடந்ததோடு திருப்தியடைவதில்லை. பின்னால் வருகிறவர்களைக் கூவி எச்சரிக்கிறார். ஏமாந்தவர் தாம் ஏமாந்ததை உணரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. உணர்ந்த பிறகும் வெட்கம் அவர் வாயை மூடுகிறது. கடிதம் வந்த முதல் நாழிகையிலேயே அதன் கபடத்தைக் கண்டுகொள்கிறவர் ஏமாறாதவர் ஒருவரே. ஆகையால், புகார் செய்ய வேண்டிய கடமை முதன்மையாக அவரையே சேர்ந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். இந்தக் கள்ளப் பக்கங்களில் பலவற்றின் ஆயுள் சில மணி நேரமே. அந்தச் சில மணிகளுக்குள் தகவல் போய்ச் சேர்ந்தால், உலாவிகள் பார்த்து நடக்கும் எச்சரிக்கைப் பட்டியலில் அந்த முகவரி ஏறி, அடுத்துத் தொடுகிறவரின் திரையில் சிவப்பு எச்சரிக்கை தோன்றும்.

புகார் செய்வதும் சிரமமான காரியம் அன்று. வந்த கடிதத்தை ஒன்றும் மாற்றாமல், கூடுமானால் இணைப்புக் கோப்பாகவே, ஸ்பூஃப் அட் ஈபே டாட் காம் என்ற முகவரிக்கு அனுப்பலாம். படம் பிடித்து அனுப்பினால், கடிதம் எந்தெந்தச் சர்வர் வழியாக வந்தது என்று அதன் தலைப்பகுதியில் மறைந்திருக்கும் தடயங்கள் போய்விடும். பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல், எந்த நிறுவனத்தின் பெயரில் வந்த கள்ளக் கடிதமானாலும் அனுப்புவதற்கு அரசாங்கத்தின் சைபர் பாதுகாப்பு மையம் ஒரே முகவரியை வைத்திருக்கிறது. நம் நாட்டில் சந்தேகமான அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் பற்றி, பணம் இழக்காதவரும் தெரிவிப்பதற்கென்றே மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024-இல் சக்ஷு என்ற வசதியை ஏற்படுத்தியது. நமக்குத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

பணம் போய்விட்டதென்றால் விஷயம் வேறு; அப்போது ஒவ்வொரு நிமிஷமும் மதிப்புள்ளது. உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்திலும், வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியையே சேரும் என்று விதிக்கிறது. வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்று கூசி இரவெல்லாம் விழித்துக் கிடப்பவர், அந்த இரவில் போகும் பணத்தையும் தம் தலையிலேயே சுமந்துகொள்கிறார். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. சட்டத்தின் கண்ணில் குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. வீட்டிலும் காவல் நிலையத்திலும்தான் அது தலைகீழாகிவிடுகிறது.

ஜனங்களுக்கு மட்டும் கடமையைச் சொல்லிவிட்டு ஏலத் தளங்களை விட்டுவிடுவது நியாயம் ஆகாது. புகார் செய்யும் முகவரியை உதவிப் பக்கங்களின் ஆழத்தில் புதைத்துவைத்திருப்பதை அவர்கள் மாற்ற வேண்டும்; விலை கேட்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அது இருக்கட்டும். புகாரை அனுப்பியவருக்கு, பெற்றுக்கொண்டோம் என்ற இயந்திரப் பதில் போதாது. நீங்கள் காட்டிய பக்கம் இன்ன தேதியில் இன்ன நேரத்தில் முடக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதுவது அவ்வளவு பெரிய ஸ்தாபனங்களுக்கு ஒரு பொருட்டன்று. அந்த இரண்டு வரியைப் படித்தவர், அடுத்த கள்ளக் கடிதம் வரும்போது அதை அழிப்பதற்கு முன் அனுப்பிவைப்பார்.