காய்ஞ்ச செடிக்கு எதுக்குய்யா கட்டடம்?

"அதான் எல்லாத்தையும் படம் புடிச்சு நெட்ல ஏத்தியாச்சே, இன்னும் எதுக்கு அந்தச் சருகைக் கட்டி அழறீங்க?"

இப்படிக் கேட்கிற அறிவாளிகள் மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னைக்கு இறக்கி வெச்சிடறேன்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தன்னுடைய ஹெர்பேரியத்தை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 8,25,000 உலர்தாவர மாதிரிகள். யார், எங்கே, எப்போது பறித்தார் என்ற சீட்டோடு அட்டையில் ஒட்டியவை. வசதிகளைப் புதுப்பிக்கச் செலவாகுமாம். வேறு இடங்களுக்கு அனுப்பிடுவாங்களாம். எந்தப் புண்ணியவான்கிட்ட இடம் காலியா இருக்கு?

சரி, அந்தச் சருகில் என்னதான் இருக்கு? ஒரே ஒரு களையை எடுத்துக்கறேன். யூஃபோர்பியா ஆல்போமார்ஜினேட்டா. அரிசோனா, நியூ மெக்ஸிகோ பக்கத்துப் பாலைவனப் புல்வெளிகளில் தரையோடு தரையாகப் படரும். கிள்ளினால் பால் வரும். நம்ம அம்மான் பச்சரிசியின் பங்காளி (அதுவே அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து இங்கே வந்ததுதான்). பாம்புக்கடிக்கு மருந்து என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். கடி வாங்கிட்டு இதை நம்பி உட்கார்ந்துடாதீங்க :-)

இந்தச் செடியின் பதிவுகளை ராத்திரி பூரா நெட்டில் மேய்ஞ்சிருக்கேன். படம் போட்டவங்களுக்குப் பெரிய கும்பிடு. ஆனா படம் எவ்வளவு தூரம் வரும்? இந்தக் கூட்டத்துச் செடிகளெல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான். காயில் முடி இருக்கா, விதையில் வரி இருக்கா, இலையடிச் செதில் ஒண்ணா சேர்ந்து வெள்ளைச் சவ்வாக இருக்கா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் ஆள் யாருன்னு தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் விதையைத் திருப்பிப் பார்க்க முடியுமா?

அடுத்து பேரு. இதே செடி பல வருஷம் 'காமேசைஸ்' என்ற தனிப் பேரினத்தில் இருந்தது. 2000களில் வந்த டிஎன்ஏ ஆய்வுகள், அந்தக் கூட்டமே யூஃபோர்பியாவுக்குள்தான் அடங்கும் என்று காட்டின. நாளைக்கு இன்னொருத்தர் வந்து "இது தப்பு" என்றால் எதை வைத்துச் சரிபார்ப்பது? இலைத் துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம். ஜேபெக் ஃபைலிலிருந்து எடுக்க முடியுமா?

இன்னும் கேளுங்க. சி4 ஒளிச்சேர்க்கை என்று ஒன்று இருப்பது தெளிவானதே 1960களில்தான். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை சி4 செடிகள். 1900-ல் பறித்த இலையின் கார்பனைச் சோதித்தாலும் அது தெரிந்துவிடும். 1987-ல் வுட்வர்ட் என்பவர் கேம்பிரிட்ஜ் ஹெர்பேரியத்தில் பழைய மர இலைகளை எண்ணிப் பார்த்து, 200 ஆண்டுகளில் இலைத்துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதைச் சொன்னார். காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு கூடியதன் தடயம் அது. பறித்தவர்கள் யாரும் இதையெல்லாம் நினைத்துப் பறிக்கவில்லை. கேள்வி பிறப்பதற்கு முன்னாடியே பதிலை எடுத்து வெச்சிட்டுப் போயிருக்காங்க!

அந்தப் புல்வெளியும் பழைய புல்வெளி இல்லை. டூசானுக்குத் தெற்கே சாண்டா ரீட்டா ஆய்வு நிலம் 1903-லிருந்து இருக்கு. அங்கே நம்ம சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட் பரவிவிட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1930களில் கொண்டுவந்த ஒரு புல்லும் உள்ளூர்ப் புற்களை ஓரம் கட்டிவிட்டது. முன்னாடி அங்கே என்னென்ன முளைத்தது என்பதற்குச் சாட்சி இந்த அட்டைகள்தான். போய் மறுபடி பறிச்சிட்டு வர முடியாது.

குறை இல்லையா? இருக்கு. பறிப்பவர்கள் சாலையோரமாகவே போயிருப்பார்கள். பழைய சீட்டுகளில் இடக்குறிப்பு மொட்டையாக இருக்கும். வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் செடியும் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் குறையைத் திருத்தவும் அட்டையைத்தானே பார்க்கணும்?

பத்திரத்தை ஸெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினலை அடுப்பில் போடுவீங்களா? அப்புறம் இதை மட்டும் ஏன் போடச் சொல்றீங்க?

பி.கு: "களைக்கெல்லாம் ஒரு பதிவா" என்று திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். அட்டையை மட்டும் எரிக்காதீங்க சாமி.