பிள்ளை பெற்ற உடலுக்குப் பயிற்சியும் ஓய்வும்: கரும்பு வெட்டும் பெண்களுக்கு எப்போது?

புனே நகரின் சிவாஜிநகர்ப் பகுதியில் இரண்டு கட்டடங்கள் உள்ளன. ஒன்று, 1975இல் திறக்கப்பட்ட ரமாமணி ஐயங்கார் நினைவு யோக நிலையம். மற்றொன்று, மகாராஷ்டிர அரசின் சர்க்கரை ஆணையர் அலுவலகம் இயங்கும் ‘சாகர் சங்குல்’. முன்னதில், கர்நாடகத்தின் பெல்லூரில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து 1937இல் புனேவுக்கு வந்த பி.கே.எஸ். ஐயங்காரின் மகள் கீதா ஐயங்கார் (1944–2018) பல பத்தாண்டுகள் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். கருவுற்ற காலத்துக்கும் பேற்றுக்குப் பிந்திய காலத்துக்கும் உரிய பயிற்சிகளை முறைப்படுத்தி நூலாக்கினார். அவரது முறையில் முதல் மாதத்தில் ஆசனங்களே இல்லை. படுத்த நிலையில் ஓய்வும் மூச்சுப் பயிற்சியும் மட்டுமே. பின்னதன் அதிகாரத்துக்குட்பட்ட ஆலைகளுக்காகக் கரும்பு வெட்டும் பெண்களோ, பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே, சில வேளைகளில் சில நாட்களிலேயே, தலையில் கரும்புக் கட்டைச் சுமக்கின்றனர்.

இந்தச் சுமை உடலின் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம். இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை, தூளியைப் போலக் கட்டப்பட்ட தசைகள் உள்ளன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குபவை அவையே. பேற்றின்போது அவை மிகுதியாக இழுபடுகின்றன; சில வேளைகளில் கிழியவும் செய்கின்றன. வயிற்றின் நடுவே இணைந்திருக்க வேண்டிய இரு நெடுந்தசைகளும் விலகி நிற்கின்றன. மருத்துவ நூல்களைத் தமிழாக்கும்போது ‘இடுப்புத்தளத் தசை’ என்று எழுதுகிறோம். அது வழக்கில் வேரூன்றிய சொல்லன்று. ஆனால், அத்தசை தளர்ந்து கருப்பை இறங்கும் நோய்க்கு மக்களிடம் சொல் உண்டு. மராத்தியில் ‘அங்க பாஹேர் யேணே’ என்பர். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ‘அடி தள்ளுதல்’ என்பர். செங்கல்பட்டுப் பகுதியில் ஊரகப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தினர், உழைக்கும் பெண்கள் இந்நோயுடன் வாழ்வதைப் பற்றி ஆய்வு செய்து பதிவு செய்துள்ளனர். நோய்க்குச் சொல் இருந்து, தசைக்குச் சொல் இல்லாமற் போனது தற்செயலன்று. தடுப்பு முறை அந்தப் பெண்களை எட்டவே இல்லை.

எட்டக்கூடாத அளவுக்கு அது அரிய வித்தையும் அன்று. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கேகல் 1948இல் விளக்கிய பயிற்சிக்குக் கருவி வேண்டியதில்லை. சிறுநீரையும் காற்றையும் அடக்குவதைப் போல அத்தசைகளை உள்ளும் மேலுமாக இறுக்கி, ஐந்து நொடி நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு முறைக்குப் பத்து, நாளைக்கு மூன்று முறை. மூச்சை அடக்கலாகாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாகாது. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்திப் பழகுவதும் தவறு. வயிற்றுக்கு, முழங்காலை மடக்கிப் படுத்து மூச்சை வெளிவிட்டபடி தொப்புளை மெல்ல உள்ளிழுத்தால் தொடக்கத்துக்குப் போதும். எழுந்து எழுந்து படுக்கும் கடும் பயிற்சி விலகிய தசையை மேலும் விலக்கக்கூடும். அறுவைப் பேறு கண்டவர்களும், வலியோ கசிவோ தொடர்பவர்களும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

பிரான்சில் இப்பயிற்சி அமர்வுகளின் செலவைச் சமூகக் காப்பீடு ஏற்கிறது. நம் நாட்டிலோ இது ‘பழைய உடல்வாகைத் திரும்பப் பெறுதல்’ என்ற பெயரில், கட்டணம் செலுத்த முடிந்தவர்களுக்கு விற்கப்படும் பண்டமாகிவிட்டது. பயிற்சி இலவசமானது, பயிற்சி பயன் தருவதற்கான ஓய்வுதான் விலையுள்ளது. காலையில் முப்பது முறை தசையை இறுக்கிவிட்டு, பகல் முழுதும் 30, 40 கிலோ கட்டுகளைத் தூக்கினால் தசை எப்படித் தேறும்?

பீடு முதலிய மராத்வாடா மாவட்டங்களிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அரவைப் பருவத்துக்குப் புலம்பெயரும் தொழிலாளர்கள் கணவன் மனைவி இணையாகவே அமர்த்தப்படுகின்றனர். இருவரும் சேர்ந்து ஒரு ‘கொய்தா’. அதாவது ஓர் அரிவாள். முகாதம் எனப்படும் ஒப்பந்தக்காரர் முன்பணம் கொடுத்துப் பிணைக்கிறார். ஒரு நாள் வராவிட்டால் ‘காடா’ என்ற பெயரில் பிடித்தம். பேறு, மாதவிடாய், காய்ச்சல் எல்லாம் அவர் கணக்கில் ஒன்றே. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்த 26 வார ஊதிய விடுப்பு இவர்களை எட்டுவதில்லை. ஏனெனில், ‘இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்லர்’ என்று ஆலைகள் கைகழுவுகின்றன.

இதன் கோர முகம் 2019இல் வெளிப்பட்டது. நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு அமைத்த குழு, பீடு மாவட்டத்தின் 82,309 கரும்புத் தொழிலாளர் பெண்களில் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்று கண்டது. ஆறில் ஒருவர்! நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் இவ்விகிதம் 3.2 விழுக்காடுதான். அத்தனை அறுவைகளும் கருப்பை இறக்கத்தால் நிகழ்ந்தவை அல்ல. வெள்ளைப்படுதல், வயிற்றுவலி, புற்றுநோய் வந்துவிடும் என்ற தனியார் மருத்துவமனைகளின் அச்சுறுத்தல், மாதவிடாய் நாட்களின் கூலி இழப்பு எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் உடலைத் தேற்ற நேரமில்லை, உறுப்பை நீக்க வழியுண்டு என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் பொது. கருப்பையை எடுத்தாலும் தளர்ந்த தசை தளர்ந்தேதான் இருக்கும் என்பதை அப்பெண்களுக்கு யார் சொன்னார்கள்?

நேபாள உச்ச நீதிமன்றம் 2008இல் கருப்பை இறக்கத்தை இனப்பெருக்க உரிமை மீறலாகக் கருதி, சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் வழிசெய்யுமாறு அரசுக்கு ஆணையிட்டது. நம்மிடம் அதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவமனையில் பேறு நிகழ்ந்தால் 3ஆம் நாள் தொடங்கி 42ஆம் நாள்வரை ஆஷா ஊழியர் ஆறு முறை வீட்டுக்கு வருகிறார். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையரின் பணியில் முளைத்த திட்டம் அது. குழந்தையை நிறுக்கும் அந்த வருகைகளிலேயே தாய்க்கு இப்பயிற்சியையும் கற்பிக்கலாம். ஆனால் வருகைகள் அனைத்துக்கும் சேர்த்து 250 ரூபாய் ஊக்கத்தொகை பெறும் ஆஷாவின் தலையில் இன்னொரு வேலையைக் கூலியின்றி ஏற்றுவதை நாம் ஏற்க இயலாது. பயிற்சியும் ஊதியமும் சேர்ந்தே வர வேண்டும். புலம்பெயர்ந்து கரும்பு வயலின் ஓரத்தில் கொட்டகையில் பிள்ளை பெறுபவளைத் தேடிச் செல்லும் பொறுப்பு எந்த ஊரின் ஆஷாவுக்கு உரியது என்பதையும் அரசு வரையறுக்க வேண்டும்.

ஓய்வுக்கான பணம்? கரும்புத் தொழிலாளர் நலவாரியத்துக்கென அரவைக் கரும்பு டன்னுக்கு 10 ரூபாய் ஆலைகளிடம் வசூலிக்கும் ஏற்பாடு உள்ளது. பேற்றுக்குப் பின் குறைந்தது மூன்று மாதங்களுக்கு அந்தப் பெண்ணின் பங்குக் கூலியை அந்நிதியிலிருந்து தர முடியும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் சங்கங்கள் டன்னுக்கு எவ்வளவு என்று கேட்கும்போது, பிள்ளை பெற்றவள் இல்லாத நாட்களுக்குக் ‘காடா’ பிடித்தம் கூடாது என்ற வரியையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்ய வேண்டும்.