இறக்கத்தில் தெரியும்

பழைய விரைவு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தவரிடம் நம் ஊரில் கேட்கப்படும் முதற்கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" என்பது. இரண்டாவது, "சைலன்சரை மாற்றிவிட்டீர்களா?" என்பது. பிரேக் பிடித்தால் எத்தனை அடியில் நிற்கும் என்று ஒருவரும் கேட்டு நான் அறியேன். இலக்கியம் பேசும் நண்பர்கள் கூடுகிற இடத்தில் இரும்பையும் எண்ணெயையும் பற்றி எழுதுவதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். பழையதொன்றை எவ்வாறு செம்மை செய்வது என்பது ஏட்டுச் சுவடிக்கும் இயந்திரத்துக்கும் பொதுவான கேள்வி என்பதே நான் சொல்லத்தக்க சமாதானம்.

உலக அளவில் இவ்வகையில் பெரிதும் பேசப்படுபவை 1970களின் இத்தாலிய வண்டிகள். 1972இல் இமோலாவில் நடந்த 200 மைல் பந்தயத்தில் டுகாட்டி 750 வண்டிகளில் ஓடிய பால் ஸ்மார்ட்டும் புரூனோ ஸ்பஜ்ஜாரியும் முதல் இரண்டு இடங்களைப் பெற்றனர். பொறியாளர் ஃபேபியோ தாலியோனி வடிவமைத்த அந்த இன்ஜினையும், நெடிய வளைவுகளில் அவ்வண்டி காட்டும் நிலைபேற்றையும் புகழாதவர் இல்லை. ஆயினும் அக்கால இத்தாலிய வண்டிகளின் மின்னமைப்பு பழுதுக்குப் பேர்போனது. டுகாட்டி நிறுவனமோ 1926இல் வானொலிக்கான மின் உறுப்புகளைச் செய்வதற்காகவே பொலோனியாவில் தொடங்கப்பெற்றது என்பது இதில் ஒரு வேடிக்கை. விவரம் அறிந்த உரிமையாளர்கள் அவ்வண்டிகளில் முதலில் கை வைப்பது வயரிங்கிலும் பொறியூட்டும் அமைப்பிலும்தான். வலிமையைக் கூட்டும் எண்ணம் அவர்களுக்கு வந்தாலும் கடைசியில்தான் வரும்.

நம் பக்கத்தில் அவ்வகை வண்டிகள் அரிது. நமக்கு வாய்த்த பழைய விரைவு வண்டி ராஜ்தூத் 350. ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350 வண்டியை உரிமம் பெற்று எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஃபரீதாபாத்தில் 1983 முதல் அந்தப் பத்தாண்டின் இறுதிவரை செய்தது. இரட்டை சிலிண்டர், 347 சி.சி., டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானிய மூலம் 39 குதிரைத்திறன் தந்தது. நம் நாட்டு வண்டி 30.5 குதிரைத்திறனுடன் வெளிவந்தது. பின்னர் எரிபொருள் சிக்கனத்தை எண்ணி 27 ஆகக் குறைக்கப்பட்டது. மூலத்தில் முன்சக்கரத்துக்கு இருந்த டிஸ்க் பிரேக் இங்கே வரவில்லை. டிரம் பிரேக்கே வந்தது. விலையும் பெட்ரோல் செலவும் மிகுதி என்பதால் விற்பனை மந்தமாகவே இருந்தது. உற்பத்தி நின்ற பிறகுதான் அதன்மேல் காதல் பெருகிற்று. தேனி, கம்பம் பக்கத்திலும் அதைக் கண்போல் காப்பவர்கள் உண்டு.

இன்ஜினுக்குள் கலவை நுழையும் வழியில் மெல்லிய இதழ்கள் பொருத்தப்பட்டிருக்கும். ரீடு வால்வு என்பர். உள்ளிழுக்கும்போது திறந்து, எதிர்த்துத் தள்ளும்போது மூடிக்கொள்ளும். ஆர்மோனியத்தின் ரீடைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யமஹாவின் தொழிலே 1887இல் ரீடு ஆர்கனிலிருந்து தொடங்கியது என்பது இங்கு நினைக்கத்தக்கது. அதே 1887இல்தான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பது தற்செயல். ஆனால் அப்பதிப்பாசிரியர் கைக்கொண்ட நெறி நம் பொருளுக்கு உதவுவது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இவ்வண்டியை வாங்குவோர் பெரும்பாலும் செய்வது இது: சைலன்சரை மாற்றுவர், சிலிண்டர் வழிகளைக் குடைந்து அகலப்படுத்துவர், கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவர், எண்ணெய்ப் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலப்பர். பிரேக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் புஷ்களும், ஹேண்டில்பாரைத் தாங்கும் கோன் செட்டும் நாற்பதாண்டுத் தேய்மானத்தோடு அப்படியே கிடக்கும். இழந்த வலிமை திரும்பும். அந்த வலிமையை அடக்கும் உறுப்புகள் திரும்பா. இவ்வாறு செய்யப்பட்ட வண்டி சமவெளியில் பெருமை சேர்க்கும். அதன் உண்மை நிலை தெரிய வேண்டுமானால் மலையிலிருந்து இறக்கிப் பார்க்க வேண்டும்.

மேகமலைச் சாலை அதற்கு ஏற்ற தேர்வுக்கூடம். சின்னமனூரிலிருந்து தென்பழனி அடிவாரம் வந்து, 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டங்களை அடைகிறோம். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயர்வு. அங்கே காற்றின் அடர்த்தி அடிவாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். காற்று குறையவே பெட்ரோல் விகிதம் மிகும். வண்டி இருமும், கரும்புகை விடும். உடனே சிறிய ஜெட்டைப் போட்டுச் சரிசெய்துவிடுகிறார்கள். மேலே வண்டி இனிதாக ஓடும். அதே ஜெட்டோடு கீழே வந்து அடர்ந்த காற்றில் முழு வேகம் எடுத்தால் பெட்ரோல் போதாமல் சிலிண்டர் சுடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் உயவெண்ணெயும் கலவையோடுதான் உள்ளே செல்கிறது. ஆகவே பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டுபவருக்குப் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும்.

இறக்கத்தில் இன்னொரு கேடு உண்டு. கீழ் கியரில், ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி, இன்ஜின் இழுவையை நம்பி இறங்குவது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குப் பொருந்தும். இந்த இன்ஜினோ வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஆக்ஸிலேட்டர் மூடியிருப்பதால் எண்ணெய் மிகக் குறைவாகவே உள்ளே போகும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர் ஒருவர் 18 வளைவுகளையும் இவ்வாறே இறங்கி, அடிவாரம் தாண்டி நேர்ச்சாலையில் முறுக்கினார். பிஸ்டன் சீஸ் ஆகிப் பின்சக்கரம் இறுகி, நல்லூழால் கைமுறிவோடு தப்பினார். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் சொன்னதை அவரே என்னிடம் சொன்னார்: "மேட்டுல நல்லாத்தான் இழுத்திருக்கும் தம்பி. எறக்கத்துலதான் எண்ணெ இல்லாம காஞ்சிருக்கு." இதைவிடச் சுருக்கமாக அப்பாடத்தை நடத்த இயலாது. இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரைச் சற்றே திறந்து மூட வேண்டும். இடக்கை விரல்கள் கிளட்சை விட்டு அகலக் கூடாது.

இன்ஜின் இழுவை இவ்வளவு மெலிந்தது என்றால் சுமை முழுவதும் பிரேக்கின்மீது விழுகிறது. இவ்வண்டியின் முன் டிரம்முக்குள் இரண்டு ஷூக்களும் சக்கரம் சுழலும் திசையிலேயே அழுந்துமாறு அமைந்தவை. சக்கரத்தின் சுழற்சியே அவற்றை மேலும் இறுக்கும். ஆனால் இரண்டு நெம்புகோல்களையும் இணைக்கும் கம்பி சரியாக அளவிடப்பட்டு, இரு ஷூக்களும் ஒரே கணத்தில் தொட்டால்தான் அந்தப் பயன் கிட்டும். கம்பியைச் சரிபார்க்காமலேயே "டிரம் பிரேக் என்றாலே இப்படித்தான்" என்று கைவிட்டவர்கள் பலர். இன்னொன்றும் அறிய வேண்டும்: ஏற்றத்து வளைவில் நின்று வண்டி பின்னோக்கி உருண்டால், சுழற்சி எதிர்த்திசையாகிவிடுவதால் அதே பிரேக் வலுவிழந்து போகும். நெடிய இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து பிடிப்பு தளர்வது தனிக்கதை.

ஆகவே செம்மைப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு என்பது என் துணிபு. முதலில் நம்பகம். இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனிப் பாயிண்ட். ஒவ்வொன்றையும் பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 2 மில்லிமீட்டர் முன்னதாகப் பொறி விழும்படி அமைக்க வேண்டும். மின்னணுப் பொறியூட்டலுக்கு மாறினால் பாயிண்ட் தேய்ந்து நேரம் பிசகுவது ஒழியும். கிராங்கின் ஆயில் சீல்கள் பழையனவாக இருந்தால் ஒரு பக்கம் காற்று புகுந்து கலவையை வறளச் செய்யும். மறுபக்கம் கியர் எண்ணெயை உறிஞ்சிப் புகை கக்கும். எண்ணெய்ப் பம்பைக் கழற்றி எறிவதைவிட, அதன் கேபிளைக் குறிக்கு நேராக அமைத்து, குழாயில் காற்று இல்லாமல் வடித்துவிடுவது நலம். அடுத்தது நிறுத்தமும் நடையும். பிரேக், நல்ல டயர், முன் ஃபோர்க்கில் புதிய எண்ணெய், தேய்ந்த புஷ்களுக்கு மாற்றாக லேத் பட்டறையில் கடைந்த வெண்கலப் புஷ்கள், கோன் செட்டில் குண்டுகளுக்குப் பதில் கூம்பு உருளை பேரிங். வளைவில் வண்டி "அலைகிறது" என்போர் பலரின் குறை இவற்றிலேயே தீர்ந்துவிடும். இவையெல்லாம் முடிந்தபின் வேகம் வேண்டுமா என்று யோசிக்கலாம். பெரும்பாலோருக்கு அப்போது அது தேவைப்படுவதில்லை.

பதிப்பு நெறிக்கு வருகிறேன். ஏடு சிதைந்த இடத்தில் பதிப்பாசிரியர் தம் கவித்திறத்தைக் காட்டிப் புது அடி எழுதுவதில்லை. பல படிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தேடுகிறார், பாடபேதம் குறிக்கிறார். இயந்திரத்துக்கும் மூலபாடம் உண்டு. முன் டிஸ்க் பிரேக் ஜப்பானிய மூலத்தில் இருந்தது. நம் படியில் விடுபட்டது. அதைச் சேர்ப்பதை நான் புதுமை என்று சொல்லமாட்டேன். விடுபட்ட அடியைச் சேர்ப்பது என்பேன். 39 குதிரைத்திறனும் மூலத்தில் இருந்ததுதானே என்று கேட்கலாம். இருந்தது, டிஸ்க் பிரேக்கோடு சேர்ந்து இருந்தது. ஓர் அடியை மட்டும் மீட்டு, அதற்கு எதுகையான அடியை விட்டுவிட்டால் பாட்டு தளைதட்டும்.

இங்கே சட்டம் குறுக்கே நிற்பதையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அளித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. தேய்ந்ததைப் புதுப்பிப்பது பராமரிப்பு. டிஸ்க் பொருத்துவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகிக் கேட்டுச் செய்வதே முறை. காதைப் பிளக்கும் சைலன்சரையும் உயிரைக் காக்கும் பிரேக்கையும் ஒரே தட்டில் வைக்காமல், பாதுகாப்பை மிகுவிக்கும் மாற்றங்களுக்கு எளிய வழி ஒன்றை அரசு வகுப்பது நியாயம் என்பது என் கருத்து.

சைலன்சரைப் பற்றி எனக்கு எந்த இரக்கமும் இல்லை. இம்மலை 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. யானையும் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் வாழும் காட்டின் வழியே, ஒலியால் தன்னை அறிவித்துக்கொண்டு போகும் உரிமை எந்த வண்டிக்கும் இல்லை. ஊர்ப்பேருந்தும் தேயிலைத் தொழிலாளரும் பயன்படுத்தும் குறுகிய சாலையில், வளைவின் மறுபுறம் யார் வருகிறார் என்பதும் தெரியாது.

பழைய வண்டியை வைத்திருப்பது இழிவன்று. இன்றைய பண்டப் பெருக்கத்தில் ஒன்றை நாற்பதாண்டு காப்பது ஒருவகை நோன்பு என்றே கருதுகிறேன். அந்நோன்பு நோற்பவரிடம் இனி எவ்வளவு வேகம் போகும் என்று கேட்காதிருப்போம். மேகமலையிலிருந்து இறங்கியிருக்கிறீர்களா, எப்படி இறங்கிற்று என்று கேட்போம். கேள்வி மாறினால் பட்டறையில் நடக்கும் வேலையும் மாறும்.