கார்புரேட்டரில் இடைச்செருகல்

இலக்கியம் பேசும் இடத்தில் கார்புரேட்டரைப் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். மூன்று மாதங்களாக எங்கள் வீட்டில் நடப்பது ஒருவகையில் பதிப்பியல் விவாதமே என்பதால் துணிகிறேன்.

என் தந்தை 1991இல் வாங்கிய புல்லட் 350 பொங்கலூர் வீட்டில் நிற்கிறது. தந்தை இல்லை. பல்லடம் சந்திப்பில் நிறுத்தினால் வண்டி அணைந்துவிடுகிறது. பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டிகளுக்கான வேறொன்றையும் திறந்த ஏர் ஃபில்டரையும் பொருத்தலாம் என்கிறான் தம்பி. நான் அசல்தான் வேண்டும் என்கிறேன். ஜெர்மானிய பீட்டில் கார் வைத்திருப்பவர்கள் சோலெக்ஸா வெபரா என்று உலகெங்கும் அடித்துக்கொள்வதும் இதே வழக்குத்தான்.

ஆனால் அசல் என்பது எது? 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொடக்ககால வண்டிகளில் இருந்தது ஆங்கிலேய ஆமல். எங்கள் வண்டியில் இருப்பதோ ஜப்பானிய மிக்குனியின் நுட்பத்தில் சென்னை யூகால் செய்த மிக்கார்ப். பழைமையே அளவுகோல் என்றால் ஆமலைத் தேடி அலைய வேண்டும். அது எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சுவடிக்கு இந்த ஏட்டில் உள்ளதே பாடம்.

எனக்கு உண்மையான கோபம் போலிகள் மீதுதான். சென்ற ஆண்டு ஒரு கடையில் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். அதே எழுத்து, அதே பெட்டி, ஜெட்டில் அதே எண். துளை மட்டும் வேறு. பிளக் கரிபிடித்து, மைலேஜ் சரிந்தது. வேறு பெயரில் வெளிப்படையாக வரும் மாற்றுப்பொருளை நான் மதிக்கிறேன். அது உரையாசிரியன் தன் பெயரில் எழுதும் உரை. கவிஞன் பெயரிலேயே நுழையும் இடைச்செருகலை என்ன செய்வது? புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை என்றால் அந்த எண்களை வெற்றிடமாகவே விட்டு அச்சிடுகிறார்கள். யாரும் எழுதி நிரப்புவதில்லை.

தம்பியின் யோசனை வேகத்துக்கு நல்லதாக இருக்கலாம். எங்கள் ஊருக்கு ஆகாது. இருபுறமும் விசைத்தறிகள், பஞ்சுத்தூசி பறக்கும் காற்றில் திறந்த ஃபில்டர் எத்தனை நாள் தாங்கும்?

அசல்வாதியான நானும் ஓரிடத்தில் இறங்கிவர வேண்டியிருக்கிறது. 2025இல் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. ஆகவே பழைய ஜெட்டின் வழியே வரும் கலவையில் எரிபொருள் போதாமல் போகிறது. காற்றால் மட்டுமே குளிரும் வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு அது சூடு. முற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தேநீர் நிறத்தில் இருக்க வேண்டிய பிளக் வெளுத்தால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றத்தான் வேண்டும். எத்தனாலில் உப்பும் பழைய ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். உடல் அசல், உள்ளுறுப்புகள் காலத்துக்கேற்ப. திருத்தத்தைக் குறித்துவைக்க வேண்டும், அவ்வளவே. தந்தையின் சர்வீஸ் நோட்டில், அவர் கையெழுத்துக்குக் கீழே குறித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றி, அது எஞ்சினோடு சேரும் முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துக் காட்டினார். நடுவில் ஒளி தெரிந்தது. "போல்ட்ட இறுக்கி இறுக்கி முகம் வளைஞ்சு போச்சுங் சார். மூச்சு அங்கதான் போகுது. கார்ப்பரேட்டர் மேல என்னங்க தப்பு?" உப்புத்தாளில் அரை மணி நேரம் தேய்த்து, புதுப் பேக்கிங் வைத்தார். நேற்று பல்லடம் சந்திப்பில் வண்டி அணையவில்லை. தம்பி இன்னும் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.