இக்காரியா: முதியோரை மூலையில் இருத்தாத தீவு

கோடை விடுமுறை நெருங்கும்போது எமது வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: இம்முறை எங்கே போவது? கிரேக்கம் என்று முடிவானால் அடுத்து வரும் பெயர்கள் சந்தோரினி, ரோட்ஸ், கிரீட். சாப்பாடும் சேர்த்துக் கட்டணம் வாங்கும் பெரிய ஹோட்டல், மூன்று வேளையும் பஃபே, நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் சாய்வு நாற்காலி. ஒரு கிழமை கழித்துத் திரும்பும்போது உடல் எடையும் இரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருக்கும். வீட்டிலுள்ள அம்மம்மாவும் தாத்தாவும் அனேகமாக இந்தப் பயணத்தில் இருப்பதில்லை. "அவையளாலே அலைய ஏலாது" என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிடுகிறோம்.

இந்தப் பகுதியில் வழக்கமாக நோய்களைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் எழுதுகிறோம். இம்முறை ஒரு தீவைப் பற்றி எழுதுகிறோம். எமது குடும்பங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம் அது என்பது எமது கருத்து. கடற்கரைக்காகவும் போகலாம், காட்டுக்காகவும் போகலாம். ஆனால் அங்கே கற்றுவர வேண்டியது வேறொன்று.

எங்கே இருக்கிறது?

இக்காரியா ஏஜியன் கடலின் கிழக்குப் பக்கத்தில், சாமோஸ் தீவுக்கு மேற்கே இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர், பரப்பு 255 சதுர கிலோமீற்றர். மக்கள் தொகை 8,000க்கும் 9,000க்கும் இடைப்பட்டது. தீவின் நடுவே அத்தேராஸ் மலைத்தொடர் 1,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மெழுகால் ஒட்டிய சிறகுகளுடன் சூரியனுக்கு மிக அருகே பறந்து கடலில் வீழ்ந்த இக்காரஸ் என்ற இளைஞனின் கதையிலிருந்துதான் தீவுக்கு இப்பெயர் வந்தது என்பார்கள்.

ஏதென்ஸிலிருந்து சிறிய விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலிலும் போகலாம், ஆனால் பல மணி நேரம் எடுக்கும். பெரிய ஹோட்டல்கள் குறைவு. குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளே அதிகம். அதனால்தானோ என்னவோ எமது ஆட்களின் கண்ணில் இத்தீவு இன்னும் படவில்லை.

கடலும் காடும் கிராமமும்

வடகரையில் ஆர்மெனிஸ்திஸ் என்ற சிறு துறைமுகக் கிராமம் இருக்கிறது. அதன் அருகே மெசாக்தி, லிவாதி என்ற இரண்டு மணற்கரைகள் உள்ளன. இன்னும் மேற்கே போனால் நாஸ். மலையிலிருந்து வரும் ஆறு அங்கே கடலைச் சந்திக்கிறது. பக்கத்திலேயே ஆர்ட்டெமிஸ் தேவதையின் பழங்கோயில் இடிந்து கிடக்கிறது. தென்கரையில் சீஷெல்ஸ் என்று பெயரிட்ட கடற்கரையில் வெள்ளைக் கூழாங்கற்களும் பச்சை நீலத் தண்ணீரும் இருக்கும். ஆனால் செங்குத்தான கற்பாதையில் இறங்க வேண்டும். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு அது சரிவராது.

மலைக்குள் ராந்தி என்ற பழைய ஓக் மரக்காடு உண்டு. ராகெஸ் பகுதிக் கிராமங்களைச் சுற்றி நடைபாதைகள் இருக்கின்றன. முன்னொரு காலத்தில் கடற்கொள்ளையருக்குப் பயந்து மக்கள் கரையை விட்டு மலைக்குள் போய், கடலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி தாழ்வான கல்வீடுகளைக் கட்டி வாழ்ந்தார்கள். அதனால் இன்றும் வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளியே இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் ஏற்றம் ஏறி இறக்கம் இறங்க வேண்டும். உடற்பயிற்சி என்று ஒன்றைத் தனியாகச் செய்யாமலே அவர்களுடைய கால்கள் உரமேறியது இப்படித்தான். கிறிஸ்தோஸ் ராகெஸ் என்ற ஊரில் கடைகள் மாலையில் திறந்து இரவு வெகு நேரம் வரை இருப்பது பேர்போனது. அங்கே எவரும் மணிக்கூட்டைப் பார்த்து ஓடுவதில்லை.

நீண்ட ஆயுள் உண்மையா?

உலகில் மக்கள் நீண்ட காலம் வாழும் சில இடங்களை "நீல வலயங்கள்" என்று அழைக்கிறார்கள். இக்காரியா அவற்றில் ஒன்று. 2009இல் ஏதென்ஸ் பல்கலைக்கழக வைத்தியர்கள் இத்தீவில் 1,420 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 80 வயதைத் தாண்டியவர்கள் பலர் இருந்தார்கள். அந்த முதியவர்களில் பெரும்பாலோர் தினமும் உடலை அசைத்து வேலை செய்தார்கள், மதியத்தில் சற்றுக் கண்ணயர்ந்தார்கள், அடிக்கடி மற்றவர்களோடு கூடிப் பழகினார்கள். மனச்சோர்வு அவர்களிடம் மிகக் குறைவாகவே காணப்பட்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நீல வலயங்களில் பதிவான வயதுகள் எல்லாம் நம்பத்தக்கவையா என்று சோல் நியூமன் என்ற ஆய்வாளர் கேள்வி எழுப்பினார். பிறப்புப் பதிவுகளின் குறைபாடும், இறந்தவர்களின் பெயரில் ஓய்வூதியம் எடுப்பதும் கணக்கைக் குழப்பியிருக்கலாம் என்பது அவர் வாதம். அந்த ஆய்வுக்காக 2024இல் அவருக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. வயதுகளைச் சரிபார்த்தே எழுதினோம் என்று நீல வலயங்களைப் பற்றி எழுதியவர்கள் மறுக்கிறார்கள்.

இந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும் எமக்கு நட்டமில்லை. நடப்பதும், பருப்பும் கீரையும் உண்பதும், ஆட்களோடு பழகுவதும் உடம்புக்கு நல்லவை என்பதற்கு இக்காரியாவின் சாட்சி மட்டும்தான் இருக்கிறது என்றில்லை. ஆகவே நூறு வயதுக் கதைகளை விட்டுவிட்டு, எழுபதிலும் எண்பதிலும் அங்குள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

அவர்கள் தட்டில் என்ன?

கௌபி, கடலை, பயறு வகைகள், காட்டுக் கீரைகள், தோட்டத்து மரக்கறி, ஒலிவ் எண்ணெய், ஆட்டுப்பால், தேன். இறைச்சி எப்போதாவதுதான். கத்தரிக்காய், கோவா மிளகாய், வெங்காயம், தக்காளி ஆகியவற்றை ஒலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்த சூஃபிகோ என்ற கறி அத்தீவுக்கே உரியது. கிரேக்கத் திருச்சபையின் வழக்கப்படி விரதம் பிடிப்பவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் நீண்ட நோன்புக் காலங்களிலும் இறைச்சி, பால், முட்டை உண்பதில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு எமக்குப் புதிதா என்ன? சைவக்காரர் அங்கே பட்டினி கிடக்க மாட்டார்கள்.

கௌபியும் கீரையும் எமது சமையலிலும் இருந்தவைதான். புலம்பெயர்ந்த பிறகு அவை தட்டின் ஓரத்துக்குப் போய், சோறும் பொரியலும் நடுவுக்கு வந்துவிட்டன. தெற்காசியர்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிட இளவயதிலும் குறைந்த எடையிலுமே வருகின்றன. அதனால்தான் உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே ஆசியர்கள் கவனம் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது.

இக்காரியர்கள் வைன் குடிக்கிறார்களே என்று சில ஐயாமார் கேட்கக்கூடும். இந்த அளவு மது குடித்தால் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தச் சாட்டு இங்கே செல்லாது.

நாம் கொண்டுவர வேண்டியது

இக்காரியாவில் மே முதல் ஒக்டோபர் வரை ஊருக்கு ஊர் பனிகீரி என்ற திருவிழா நடக்கும். ஓகஸ்ட் 15, மாதாவின் பெருநாள், அவற்றில் பெரியது. நீண்ட மேசைகளில் ஊரே இருந்து சாப்பிடும். வரும் பணத்தை ஊர்த் தேவைகளுக்குச் செலவிடுவார்கள். பிறகு வயலின் இசைக்கு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக ஆடுவார்கள். பேரப்பிள்ளையும் பாட்டியும் ஒரே வட்டத்தில் நிற்பார்கள். வெளிநாட்டில் குடியேறிய இக்காரியர்களும் பிள்ளைகளோடு இதற்காக வருகிறார்கள். அமெரிக்காவில் அவர்கள் 1903இல் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. சங்கம் நடத்தும் எமக்கு அதன் அருமை தெரியும்.

அங்கே முதியவருக்குத் தோட்டம் இருக்கிறது, ஆடு இருக்கிறது, கோப்பிக் கடையில் ஒரு கதிரை இருக்கிறது, நடனத்தில் ஓர் இடம் இருக்கிறது. எமது வீடுகளிலோ? ஊரிலிருந்து கூப்பிட்டு எடுத்த அப்பா, அம்மாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, குளிசை, தொலைக்காட்சி எல்லாம் கொடுக்கிறோம். "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், பேசாமல் இருங்கோ" என்கிறோம். அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் மொழி தெரியாத ஊரில், குளிர்காலத்தில், வேலையும் இல்லாமல் ஆட்களும் இல்லாமல் இருத்தி வைத்தால் தசை மெலியும், சர்க்கரை ஏறும், மனம் சோரும். அந்தச் சொல்லை இனியாவது விடுவோம் என்பதே எமது வேண்டுகோள்.

ஆகவே இக்காரியாவுக்குப் போனால் இயன்றவரை அவர்களையும் கூட்டிக்கொண்டு போவோம். திரும்பி வந்ததும் தோட்டத்தில் ஒரு பாத்தியை அவர்கள் பொறுப்பில் விடுவோம். பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேலையைக் கொடுப்போம். சனிக்கிழமைச் சமையலை அவர்கள் நடத்தட்டும், நாம் வெங்காயம் வெட்டுவோம்.

போகுமுன் கவனிக்க வேண்டியவை

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெயிலோடு மெல்தெமி என்ற பலத்த வடகாற்றும் வீசும். வயதானவர்களோடு போக மே கடைசி, ஜூன், செப்டெம்பர் நல்லவை.

காற்று நாட்களில் வடகரையில் அலையும் நீரோட்டமும் பலமாக இருக்கும். மெசாக்தியிலும் நாஸிலும் பிள்ளைகளைத் தனியே கடலில் இறங்க விடக்கூடாது.

தெர்மா என்ற ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளியல் உண்டு. அந்த நீரில் இயற்கையான ரேடான் கதிரியக்கம் இருக்கிறது. இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மருந்துகளைக் கைப்பையில், வைத்தியரின் மருந்துச் சீட்டோடு வைத்திருங்கள். கப்பல் நிற்கலாம், விமானம் பிந்தலாம் என்பதால் ஒரு கிழமைக்குக் கூடுதலாகவே எடுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட வேண்டாம்.

ஆகியோஸ் கிரிகோஸ் என்ற தலைநகரில் வைத்தியசாலை உண்டு, ஆனால் அது சிறியது. பயணக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள்.

காட்டுக் கீரையை நீங்களாகப் பிடுங்கிச் சமைக்க வேண்டாம். அதை அறிந்தவர்கள் சமைத்துத் தருவதைச் சாப்பிடுங்கள்.

மலைப்பாதைகள் வளைவும் சரிவுமாக இருக்கும். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். மதியத்தில் ஊரே படுத்தால் நீங்களும் படுங்கள்.

இக்காரியாத் தேன் நல்ல தேன்தான், ஒரு போத்தல் வாங்கி வாருங்கள். ஆனால் சர்க்கரை வியாதிக்காரருக்குத் தேனும் சர்க்கரைதான். அவர்களுக்கு அதைவிட நல்ல மருந்து, மாலையில் அரை மணி நேரம் அவர்களோடு சேர்ந்து நடப்பது. அதற்கு விமானச்சீட்டும் தேவையில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.