பாதி வழியில் நிற்கும் பழைய கார்

சென்ற இதழில் குழாய் ஒழுகலைப் பற்றி நாம் எழுதியிருந்ததைப் படித்த சயான் அன்பர் ஒருவர், "குழாய் இருக்கட்டும், எங்கள் வீட்டுக் காருக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் 1986-ஆம் ஆண்டில் வாங்கிய பிரீமியர் பத்மினி அது. இருபது கிலோமீட்டர் வரையில் ஒரு குறையும் இன்றி ஓடுகிறதாம். பிறகு இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறதாம். அரைமணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் புறப்படுகிறதாம். காயில், கண்டென்சர், கார்புரேட்டர் என மூன்று சாமான்களை மாற்றியாகிவிட்டது. குறை மட்டும் மாறவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறான் என் மகன். அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, சிறிது வெட்கமும் வந்தது. நம்முடைய பத்மினிக்கும் இதே நோய் வந்ததுண்டு. சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி, கோபோலியைத் தாண்டிக் கண்டாலா மலையேற்றம் தொடங்கியதும் நின்றுவிட்டது. பின் ஆசனத்தில் எண்பது வயது நிரம்பிய தாயார், சித்திரை வெயில், பின்னால் லாரிகளின் ஊதல். அங்கு வந்து சேர்ந்த மெக்கானிக் ஒருவர், பானெட்டைத் திறக்குமுன்பே "கச்ரா" என்று தீர்ப்புக் கூறினார். பம்பாய்க்கு வந்த நம்மவர் கற்றுக்கொண்ட முதல் மோட்டார்ச் சொல் அதுவாகத்தான் இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டுவதற்குள் வண்டி ஆறியிருந்தது, ஆகவே புறப்பட்டது. அவரும் கூலி பெற்றுக்கொண்டார். லோணாவளா வருவதற்குள் மறுபடியும் நின்றது.

அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஆறினால் ஓடும் வண்டியில் எதை மாற்றினாலும், மாற்றிய அந்தச் சாமான்தான் குணப்படுத்தியது என்று தோன்றும். சயான் அன்பர் மூன்று முறை பணம் கொடுத்ததும் இவ்வாறே. வண்டி நின்றிருக்கும் அந்த அரைமணி நேரம் மட்டுமே நோயைக் காணத்தக்க நேரம். பட்டறைக்கு இழுத்துச் சென்றபின் அங்கே நோய் இராது.

முன்னாளில் இதையெல்லாம் நாம் அறியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. தெருவுக்குத் தெரு டாக்ஸிகளைப் பழுது பார்ப்பவர்கள் இருந்தார்கள். ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லுவார்கள். 2023 அக்டோபர் இறுதியுடன் மும்பையின் பத்மினி டாக்ஸிகள் ஓய்வு பெற்றுவிட்டன. அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பது இப்பொழுது அரிதாகிவிட்டது. வண்டியை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் தாமே சிறிது கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இஞ்சின் ஓட வேண்டுவன பொறியும் பெட்ரோலும். நின்றது எதனால் என்று பிரித்தறிவதே முதல் வேலை. பொறியை முதலில் சோதிக்கவேண்டும். பெட்ரோல் குழாயை அதன் பின்னரே திறக்கவேண்டும். பெட்ரோல் ஆவி பரவியிருக்கும் இடத்தில் பொறியைத் தட்டிப் பார்ப்பது வண்டியையும் கையையும் ஒருங்கே கொளுத்திக்கொள்ளும் வழியாகும். ஆகையால் இவ்வரிசையை ஒருபோதும் மாற்றலாகாது.

வேட்டி முனையையோ புடவைத் தலைப்பையோ விசிறியின் அருகே விடாமல் செருகிக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலுள்ள தடித்த ஒயரைப் பிடுங்கி, துணி உலர்த்தும் மரக்கிளிப்பு ஒன்றினால் பற்றி, அதன் முனையை இஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடிக்கவேண்டும். மற்றொருவர் சாவியைத் திருப்பட்டும். நீல நிறத்தில் சடசடவென்று பொறி பாய்ந்தால் காயிலும் கண்டென்சரும் நலம். மஞ்சளாக மெலிந்து வந்தாலும், வராவிட்டாலும், பாயிண்டைப் பாருங்கள். கருகியிருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, திறக்கும் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைக்கவேண்டும். (பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளுக்கே இந்தச் சோதனை. கம்ப்யூட்டர் உள்ள புது வண்டியில் செய்து, பிறகு நம்மைக் குறை கூறவேண்டாம்.)

பொறி நன்றாக இருந்தால், ஸ்விச்சிலிருந்து காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிடுங்கள். இனிப் பொறி எழாது. கார்புரேட்டருக்குள் செல்லும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, ஒரு முழ நீளமுள்ள வேறு குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விடவேண்டும். சூடான புகைக்குழாயின்மேல் ஒரு துளியும் சிந்தலாகாது. சாவியைத் திருப்பினால், இஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்கு ஒருமுறை பம்ப் அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் பெட்ரோல் பீறிட்டு வரவேண்டும்.

ஒன்றுமே வராவிட்டால் டாங்க் மூடியைத் திறந்துவிட்டு மீண்டும் பாருங்கள். பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்றுப் புகவேண்டும். அந்தச் சிறு வழி அடைபட்டால் பம்ப் எவ்வளவு உறிஞ்சியும் பயனில்லை. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வந்துவிட்டால், செலவு ஒரு குண்டூசியோடு முடிந்தது.

பெட்ரோல் குமிழியும் நுரையுமாக வந்தால் இரண்டில் ஒன்று. வெயிலிலும் இஞ்சின் சூட்டிலும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகியிருக்கலாம். ஈரத்துணியைப் பம்பின்மேல் ஐந்து நிமிஷம் போட்டு வையுங்கள். டாக்ஸிக்காரர்கள் கோடைகாலத்தில் செய்த வைத்தியந்தான் இது. அதற்குப் பிறகும் குமிழி நிற்காவிட்டால், டாங்குக்கும் பம்புக்கும் இடையே எங்கோ காற்றை உறிஞ்சுகிறது என்று அறியவேண்டும்.

நம் வண்டியில் இருந்த குறை இதுவே. பம்புக்கு முன்னால் விரல் நீள ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு. அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஒரு சொட்டும் ஒழுகியதில்லை. உறிஞ்சும் பக்கத்துக் குழாய் வெடித்தால் பெட்ரோல் வெளியே வருவதைக் காட்டிலும் காற்று உள்ளே போவதே வழக்கம் என்பது நமக்கு அப்பொழுது தோன்றவில்லை. மடித்துப் பார்த்தபோது மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. சமதரையில் வேண்டிய பெட்ரோல் எப்படியோ வந்துகொண்டிருந்தது. மலையேற்றத்தில் தேவை கூடியதும் கார்புரேட்டரின் கிண்ணம் வறண்டுவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றியதற்குக் கொடுத்த கூலியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை அந்தக் குழாய்க்கு.

இந்த ரப்பர் விஷயத்தில் இப்பொழுது கூடுதல் கவனம் வேண்டும். 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்திற்கு வந்துவிட்டது. நம் பழைய வண்டிகளின் ரப்பர் அதை எண்ணிச் செய்யப்பட்டதன்று. ஊறிப் பருப்பதும், பின்னர் வெடிப்பதும் உண்டு. கடையில் வெறுமனே "பெட்ரோல் குழாய்" என்று கேளாமல், எத்தனால் தாங்கும் குழாய், மேலே "ஆர்9" என்று அச்சிட்டது, வேண்டும் என்று கேளுங்கள்.

பம்புக்குள்ளே இருக்கும் சவ்வுக்கும் இதே கதி நேரலாம். அது கிழிந்தால் பெட்ரோல் இஞ்சின் எண்ணெயில் இறங்கும். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தாலோ, எண்ணெயின் மட்டம் தானே உயர்ந்திருந்தாலோ, வண்டியை ஓர் அடியும் ஓட்டவேண்டாம். நீர்த்த எண்ணெயில் பேரிங்குகள் தேய்ந்துவிட்டால், பிறகு பழைய இரும்புக்காரரைத்தான் அழைக்கவேண்டியிருக்கும்.

சயான் அன்பருக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்தச் சோதனைகளுக்கு இருவர் தேவை. பாட்டிலை மகன் பிடிக்கட்டும். சாவியைத் திருப்பத் தகப்பனாரை அமர்த்திக்கொள்ளுங்கள்.